முதியோர் கற்கும் நெறியும் இணையவழிப் போதனையும்

சிறுவனுக்குக் கற்பிக்கும் முறையிலேயே வளர்ந்தவனுக்கும் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இராப்பள்ளியாவது பகற்பள்ளியை விளக்கொளியில் நடத்துவதே என்று முன்னர்ப் பலர் கருதினர். இப்பொழுது அப்பள்ளியையே கைப்பேசிக்குள் நடத்தினால் அது இணையவழிப் போதனை ஆகிவிடும் என்று கருதுவோரும் பலராயினர். இக்கருத்துப் பிழைபட்டதென்று கல்வி நூலோர் கூறிப் பல ஆண்டுகள் கழிந்தன. அவர் கூறியது யாது, அது நமது நீலகிரி மலைக்கு எவ்வாறு பொருந்தும், எங்கே பொருந்தாது என்பவற்றை ஈண்டுச் சிறிது விசாரிக்கப் புகுகின்றோம்.

இவ்விசாரணை ஏட்டளவில் நின்றுவிடக் கூடியதன்று. இந்திய அரசாங்கம் 2022 முதல் 2027 வரை நடத்தும்படி வகுத்த புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 15 வயது நிரம்பியும் எழுத்தறியாதிருப்போர்க்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தன்னார்வத் தொண்டரிடமே விட்டிருக்கின்றது. மாணாக்கரும் அத்தொண்டருள் அடங்குவர். ஆண்டொன்றுக்கு ஒரு கோடியாக ஐந்தாண்டில் ஐந்து கோடிப் பேர் என்பது அதன் இலக்கு. இதற்கென 'உல்லாஸ்' என்னும் கைப்பேசிச் செயலி 2023 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியாயிற்று. ஆகவே, பத்தொன்பது வயதினராகிய நம்மனோர் ஐம்பது வயதினர்க்கு ஆசிரியராகும் காலம் வந்துள்ளது. அதுவும் கையில் ஒரு கைப்பேசியோடு.

நீலகிரியின் நிலை யாது? 2011 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 85 பேர். ஆடவரில் ஏறக்குறைய 92, பெண்டிரில் ஏறக்குறைய 79. மாநிலத்தின் சராசரியினும் இஃது உயர்ந்ததே. ஆயினும் எஞ்சியவர் யாவர் என்று நோக்கின் அவருட் பெரும்பாலார் பெண்டிர் என்பது இவ்வெண்களிலிருந்தே விளங்கும். தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளிலும் பழங்குடியினர் ஊர்களிலும் சென்று பார்ப்போர்க்கு அவர்களை முகமாகவே காணலாம். தோட்டத் தொழிலாளருட் பலர், 1964 ஆம் ஆண்டுச் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தினர். அவர்களைக் குடியமர்த்தும் பொருட்டுத் தொடங்கப்பெற்றதே பின்னர் 'டான்டீ' எனப் பெயர்பெற்ற அரசாங்கத் தேயிலைத் தோட்டம். கப்பலேறி வந்த ஆண்டுகளிற் சிறுமியராயிருந்து, பள்ளி முறிந்து, கொழுந்துக் கூடையைத் தோளிலேற்றியவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டனர்.

'முதியோர் கல்வி' என்னும் தொடரைப் பற்றி ஒரு சொல். இற்றைத் தமிழில் முதியோர் என்றவுடன் நரைத்த தலையும் ஊன்றுகோலுமே நினைவுக்கு வருகின்றன. இருபத்தைந்து வயதுத் தாயொருத்தியை முதியோர் கல்விக்கு வருமாறு அழைத்தால் அவள் நகைப்பாள். மேனாட்டார் வழங்கும் 'ஆண்ட்ரகோஜி' என்னும் பெயரும் குற்றமற்றதன்று. சிறுவரை நடத்தும் கலை 'பெடகோஜி' எனப்படுதல் கண்டு, அதற்கு இணையாக வளர்ந்தோரை நடத்தும் கலைக்கு 1833 ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆசிரியர் அலெக்ஸாண்டர் காப் என்பார் இப்பெயரை வழங்கினார். இதன் முதற்பகுதி கிரேக்க மொழியில் ஆண்மகனைக் குறிப்பது! நமது மலையிற் கற்க வருவோரோ பெரும்பாலும் பெண்டிர். பெயரின் குற்றத்தைப் பொறுத்துப் பொருளை நோக்குவோம்.

இப்பெயரை உலகறியச் செய்தவர் அமெரிக்கராகிய மால்கம் நோல்ஸ் (1913-1997). அவர்க்கு முன்னரே எட்வர்ட் லிண்டெமன் என்பார் 1926 இல் வெளியிட்ட நூலில், வளர்ந்தவனுக்குப் பாடநூல் அவனது வாழ்க்கையே என்னும் கொள்கையை நாட்டியிருந்தார். நோல்ஸ் அதனை விரித்து 1968 இலும் 1970 இலும் எழுதினார். அவர் கூற்றின் சாரத்தை நம் மலைக்கேற்பக் கூறுவோம். சிறுவன், 'இதை ஏன் படிக்கவேண்டும்?' என்று கேளாமலே படிப்பான்; கேட்டாலும் பிரம்பு விடையிறுக்கும். வளர்ந்தவன் காரணமறியாது ஒரு வரியும் படியான். சிறுவன் பிறர் தன்னை நடத்துவதை இயல்பாகக் கொள்வான். வளர்ந்தவனோ தன் குடும்பத்தை நடத்துகின்றவன், ஆதலாற் பிறர் தன்னைச் சிறுபிள்ளைபோல் நடத்துவதைப் பொறான். சிறுவனது கல்வி என்றோ வரும் நாளுக்காகச் சேமிக்கப்படுவது. வளர்ந்தவனுக்கு இன்று மாலையே பயன்படவேண்டும். எல்லாவற்றினும் மேலாக, வளர்ந்தவன் வெறுங்கையனாய் வருவதில்லை. தனது அனுபவம் என்னும் முதலைக் கொண்டே அவன் பள்ளிக்கு வருகின்றான்.

இக்கடைசிக் கூற்றை நாம் சற்று நின்று நோக்கவேண்டும். கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் அறிவை எண்ணிப் பாருங்கள். இரண்டிலையும் ஒரு மொட்டும் எது, கிள்ளத்தகாத முற்றிலை எது என்பதை அவள் விரல்கள் கண்ணுக்கு முன்னரே அறியும். முதுகிற் கட்டிய சாக்கின் கனத்தைக் கொண்டே இத்தனை கிலோ இருக்குமென மதிப்பாள். நாட்கூலி இவ்வளவு, அதிகக் கொழுந்துக்கு இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று மனத்திலேயே கூட்டிக் கழிப்பாள். அவள் எண்ணறியாதவள் அல்லள். எண்ணின் உருவை அறியாதவள். இவளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆப்பிள் பழத்தின் படங்களைக் காட்டிக் கற்பிக்கும் காணொளியை அனுப்பினால் அவள் என்ன நினைப்பாள்? குன்னூரை அடுத்த ஒரு தோட்டத்தில் அத்தகைய பாடமொன்றைப் பார்த்த அம்மையார் ஒருவர், "இது எங்க பேத்திக்கு அனுப்ப வேண்டியதுங்க கண்ணு, மாறி வந்திருக்கு" என்று மிக்க மரியாதையோடு சொன்னார். நோல்ஸின் நூல் முழுவதும் அவ்வொரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றிற்று.

எடைச்சீட்டில் எழுதியிருக்கும் எண்ணே அவளுடைய முதற்பாடம் ஆகவேண்டும். அவ்வெண்ணின் அளவு அவளுக்கு முன்னமே தெரியும். உருவை மட்டும் அவ்வளவோடு பொருத்திக் காட்டினாற் போதும். தான் மதித்த எடையும் சீட்டிற் கண்ட எடையும் ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிடும் அன்றே அவள் படித்தவளாகின்றாள்.

எழுத்திற்கும் இவ்வாறே. பிரேஸில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரே (1921-1997) 1963 ஆம் ஆண்டில் அங்கீகோஸ் என்னும் ஊரிற் கூலியாட்கள் முந்நூறு பேர்க்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவித்தார் என்பது கல்வி வரலாற்றிற் புகழ்பெற்ற செய்தி. நெடுங்கணக்கிலிருந்து அவர் தொடங்கவில்லை. அம்மக்கள் வாழ்விற் கனமாக ஒலிக்கும் சொற்கள் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றைப் பற்றி அவர்களைப் பேசவிட்டு, பின்னரே அச்சொற்களை அசைகளாகப் பிரித்துக் காட்டினார். 1964 இல் இராணுவத்தார் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவரைச் சிறையிலிட்டனர். பின்னர் அவர் நாடு கடந்து வாழ நேர்ந்தது. சொற்களைத் தேர்தல் எவ்வளவு வலிய செயல் என்பதை ஆட்சியாளர் அறிந்திருந்தனர் போலும்.

நமது மலைக்கு அத்தகைய வித்துச்சொற்கள் யாவை? தமிழ் பயிலும் நாம் இதனை ஆராய்ந்தபோது இன்பமான ஓர் உண்மை புலப்பட்டது. 'கொழுந்து' என்பதே முதலில் நாவில் வரும் சொல்லாயினும் அது தொடக்கத்திற்கு ஏற்றதன்று. 'கொ' என்னும் எழுத்து முன்னும் பின்னும் குறியேற்பது, 'ழு'வும் கைக்கு எளிதில் வராதது. ஆனால் இலை, மலை, விலை, வேலை என்னும் நான்கு சொற்களை நோக்குக. நான்கும் தேயிலைத் தோட்டத்தின் வாழ்வையே சொல்வன. நான்கும் 'லை' என்னும் ஓரெழுத்தில் முடிவன. அவ்வோர் எழுத்தைக் கற்றவள் இ, ம, வி, வே என்னும் நான்கைச் சேர்த்தவுடன் நான்கு சொற்களுக்கு உரியவளாகின்றாள். 'எடை' என்று ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்தால் அதே ஐகாரக் குறி வேறோர் எழுத்தின்முன் நிற்பதையும் அறிவாள். 'இலைக்கு விலை, வேலைக்குக் கூலி' என்று பேச்சும் தானே பிறக்கும். பசுந்தேயிலையின் விலை வீழ்ச்சியைப் பற்றிப் பேசாத வீடு இம்மலையில் உண்டோ? அப்பேச்சே வகுப்பு.

இவ்விடத்து 'லை' யைப் பற்றி ஒரு கிளைச்செய்தி. 1978 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொள்ளுமுன், லை, னை, ணை, ளை முதலியன யானைத் துதிக்கைபோன்ற கொம்புடன் எழுதப்பட்டு வந்தன. சிறுமிப் பருவத்தில் ஓரிரண்டு ஆண்டு படித்து நிறுத்திய அறுபது வயதினர் சிலர் நினைவில் நிற்பது அப்பழைய உருவமே. கைப்பேசியில் வரும் 'லை' யைக் கண்டு, "இது நான் படிச்ச எழுத்தே இல்லை" என்று அவர்கள் சோர்வர். தம் நினைவு பழுதுபட்டதென்று எண்ணி வெட்கமும் அடைவர். மாறியது எழுத்தே, அவர் நினைவன்று என்று ஒரு நிமிஷம் விளக்கிச் சொன்னால் முகம் மலர்வதைக் காணலாம். செயலியில் இவ்விளக்கத்தை நாம் கண்டதில்லை. கற்பவர் அனுபவத்தை அறியாமல் வகுத்த பாடம் இத்தகைய இடங்களிலேயே தட்டுகின்றது.

இனி இணையவழியை நோக்குவோம். இம்மலையில் ஆசிரியர் முதலில் எதிர்ப்படும் தடைகள் கல்வி நூலில் இல்லாதவை. ஒன்று இடம். மலை மடிப்புகளுக்கிடையே அமைந்த பள்ளத்தாக்குகளில் மக்கள் 'டவர்' என்று வழங்கும் அலைத்தொடர்பு கிட்டுவதில்லை. மேட்டிற்கு ஏறினாற் கிட்டும், இறங்கினால் மறையும். 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் மலையூர்ச் சிறுவர் பாடத்திற்காக மேடு தேடி அலைந்ததை நாமெல்லாம் அறிவோம். மற்றொன்று பொழுது. விடியுமுன் எழுந்து, சோறாக்கி, காலையில் மலையேறி, மாலையிற் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, விறகோடு வீடு திரும்புகின்றவளை ஏழு மணிக்கு நேர்முக வகுப்பிற்கு அழைப்பது அறியாமை. மூன்றாவது தடை எல்லாவற்றினும் பெரிது: கைப்பேசி அவளுடையதன்று. வீட்டில் உள்ள ஒன்று கணவனிடமோ மகனிடமோ இருக்கும்; அவள் கையில் இருப்பது பெரும்பாலும் பொத்தான் அமுக்கிப் பேசும் பழையது.

இத்தடைகளைக் கண்டு இணையவழியே ஆகாது என்று தள்ளுவோரும் உளர். அவர்க்கு விடையாகத் தமிழ்நாட்டில் நிகழ்ந்த இரண்டு செயல்களைக் காட்டுவோம். தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்னும் தொண்டு நிறுவனமும், கனடாவிலுள்ள காமன்வெல்த் கற்றல் நிறுவனமும் கூடி, ஆடு வளர்க்கும் கிராமப் பெண்டிர்க்குக் கைப்பேசி வழியே கற்பித்தன. அப்பெண்டிர் ஆடு வாங்க வங்கியிற் கடன் பெற்றபோது கைப்பேசியையும் தொழிற்கருவியாகச் சேர்த்தே பெற்றனர். பாடமாவது சிறு குரற்செய்தி. ஆட்டின் தீவனம், நோய், குட்டி பராமரிப்பு இவற்றைப் பற்றியது. படிக்கவேண்டிய எழுத்தில்லை, பார்க்கவேண்டிய திரையில்லை. ஆடு மேய்த்துக்கொண்டே கேட்கலாம். கேட்டதைக் குழுவிற் கூடிப் பேசலாம். இங்கே நோல்ஸ் கூறிய யாவும் இருத்தலைக் காண்க. காரணம் கடனிலேயே இருக்கின்றது. பயன் அன்று மாலையே ஆட்டுப்பட்டியிற் காணப்படுகின்றது.

மற்றொன்று புதுச்சேரிப் பக்கத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் அங்குள்ள சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வீராம்பட்டினம் மீனவர்க்குக் கடலலையின் உயரத்தை இணையத்திற் கண்டறிந்து, அதனை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். வலைவீசச் செல்வோர் ஒருவரும் கணிப்பொறியைத் தொடவேண்டியதில்லை. இணையம் ஓரிடம் வந்து நின்றது; அங்கிருந்து மக்களுக்குப் பழகிய வழியே செய்தி சென்றது. நமது மலைக்கும் இதுவே தக்க வழி. மேட்டுக்குச் செல்லும் தொண்டர் வாரத்திற்கொருமுறை பாடங்களை இறக்கிக்கொண்டு லைன் வீட்டிற்குக் கொண்டுசெல்வார். அங்கிருந்து கைப்பேசிக்குக் கைப்பேசி மாற்றிக் கொடுப்பார். இஃது இணையவழிப் போதனையா என்று இலக்கணம் பேசுவோர் பேசிக்கொள்க.

தொலைவு என்பதன் பொருளையே மாற்றிக் காட்டியவர் மைக்கேல் மூர் என்னும் பேராசிரியர். ஆசிரியனுக்கும் கற்பவனுக்கும் உள்ள தொலைவு மைலினால் அளக்கப்படுவதன்று. உரையாடல் குறையுந்தோறும் பாடத்தின் கட்டு இறுகுந்தோறும் அது பெருகும் என்பது அவர் கொள்கை. ஒரே அறையில் இருந்தும் வாய்திறக்க விடாத ஆசிரியன் வெகுதூரத்தில் இருக்கின்றான். நாம் இதற்கு வேதத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபையார்க்கு எழுதிய முதல் நிருபத்தின் ஏழாம் அதிகாரத்தை நோக்குக. சபையார் முன்னமே எழுதிக் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொண்டே அவர் விடை பகரத் தொடங்குகின்றார். கடலுக்கப்பால் இருந்து போதித்தவர் கற்பாரின் கேள்வியிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். அவ்வாறே பிலிப்பு, தேரில் வாசித்துக்கொண்டு சென்ற எத்தியோப்பிய மந்திரியிடம் ஓடிச்சென்று, அவன் வாசித்துக்கொண்டிருந்த அவ்விடத்திலிருந்தே உபதேசிக்கத் தொடங்கினான். 'முதலதிகாரத்திலிருந்து வா' என்று கட்டளையிடவில்லை. அவன் வழியும் அவனதே, புத்தகமும் அவனதே. பிலிப்பு தேரில் ஏறிக்கொண்டது மட்டுமே.

இணையவழிக்கு இயல்பாய் அமைந்த நன்மை ஒன்றை இதுகாறும் கூறாது விட்டோம். அது மறைவு. நாற்பது வயதிற் பள்ளிக்குச் செல்வதை அயல்வீட்டார் காண்பரே என்னும் நாணத்தால் இராப்பள்ளியின் வாயில்வரை வந்து திரும்பியோர் எத்தனை பேர்! குரற்செய்தியோ பத்து முறை கேட்டாலும் 'இன்னுமா விளங்கவில்லை' என்று கடிந்துகொள்வதில்லை. அடுப்படியிற் கேட்கலாம், பிழையாகச் சொல்லிப் பார்க்கலாம், கேட்பார் ஒருவருமில்லை. ஆனால் இந்நன்மை கைப்பேசி அவள் கையில் இருக்கும்பொழுது மட்டுமே உண்டு. மகனிடம் இரந்து பெற்றுக் கேட்க நேர்ந்தால் மறைவும் போயிற்று, நாணமும் இரட்டித்தது. ஆதலின் எழுத்துக்கு முன் கைப்பேசியைக் கற்பிக்கவேண்டும் என்பது நமது துணிபு. 1991 ஐ ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராயிருந்த காலத்து, அறிவொளி இயக்கத்தார் பெண்டிர்க்கு எழுத்தோடு சைக்கிள் விடவும் பழக்கினர். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் யாது தொடர்பு என்று அன்று வினவியோர் இருந்திருப்பர். தானே ஓரிடம் செல்லத் துணிந்தவள் தானே ஒரு வரி படிக்கவும் துணிவாள் என்பதே தொடர்பு. இக்காலத்துச் சைக்கிள் கைப்பேசி. ஒலிவாங்கிக் குறியை அழுத்தித் தன் குரலைத் தானே பதிந்து அனுப்பக் கற்றவள் ஒரு குறியைப் படித்துவிட்டாள். இனி 'லை' அவளுக்கு அச்சமூட்டாது.

குரலைப் பதிந்தனுப்பும் இத்திறமை, பாடம் ஒருவழிப் போக்காகாமலும் காக்கும். சிறு தேயிலை விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். தென்மேற்குப் பருவமழையில் இலையிற் கொப்புள நோய் காண்கின்றது. தென்னிந்தியாவிற்கு 1946 இல் வந்து சேர்ந்த இப்பூசண நோய்க்குத் தாமிர மருந்து தெளிப்பதுண்டு. பொதுவான காணொளியைவிட, அவர் தம் தோட்டத்து இலையையே படமெடுத்து அனுப்பி, 'இது கொப்புளந்தானா?' என்று கேட்பதும், விடை வருவதும் நூறு மடங்கு பயனுடையன. மார்கழி தையில் உறைபனி விழும்போதோ, ஆசிரியரும் மாணாக்கரும் இடம் மாறவேண்டும். காற்றடங்கித் தெளிந்த இரவில் குளிர் பள்ளத்தில் இறங்கித் தேங்கும் என்பதை நூல் சொல்லும். இந்தத் தோட்டத்தில் எந்தப் பாத்தியில் முதலில் கருகும், இளஞ்செடியை எந்தப் புல்லால் மூடினால் தாங்கும் என்பதை முதிய படுகர் ஒருவரே சொல்லக்கூடும். அவர் குரலைப் பதிந்து அதனையே பாடமாக அனுப்பினால், கேட்போர் நகரத்து ஆசிரியரின் குரலைவிட அதனை நம்புவர். 1920 களில் மார்த்தாண்டத்தில் கே. டி. பாலும் ஸ்பென்ஸர் ஹாட்ச்சும் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் நடத்திய கிராமப்பணியின் நெறியும் இதுவே. விவசாயிக்குப் பிரசங்கம் செய்யாமல், தேனீப் பெட்டியைத் திறந்து காட்டினர். கண்டவன் அயலானுக்குக் காட்டினான். மார்த்தாண்டத்துத் தேன் இன்றும் பேர்பெற்று விளங்குகின்றது.

நோல்ஸின் கொள்கை முழுதும் நமக்கு உடன்பாடோ எனின், அன்று. வளர்ந்தோர் தம் கல்வியைத் தாமே நடத்த விரும்புவர் என்று அவர் அழுத்திக் கூறினார். அமெரிக்க நாட்டு மத்திய வகுப்பினரை நோக்கி எழுந்த கூற்று அது. நமது தோட்டத்து அம்மையாரிடம், 'உங்களுக்கு எது வேண்டுமோ நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள்' என்று செயலியைத் திறந்து கொடுத்தால், "நீயே சொல்லிக் குடு தம்பி, எனக்கு என்ன தெரியும்" என்பார். நெடுங்காலம் கேட்கப்படாதவர் ஒரு நாளிற் கேட்கத் துணியார். நோல்ஸும் பின்னர் ஒருவாறு இதனை உணர்ந்தார் எனலாம். 1970 இற் சிறுவர் போதனைக்கு எதிராகவே முதியோர் போதனையை நிறுத்தியிருந்தவர், 1980 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியாக அதனை மாற்றிக்கொண்டார். கைபிடித்துத் தொடங்கி, கைவிட்டு முடிப்பதே வழி. மேலும், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் முதலியோர்க்குத் தமிழ் தாய்மொழியன்று, படுகர்க்கும் அவ்வாறே. அவர் மொழியிற் பேசவல்ல ஒருவர் நடுவே இல்லாமல், எத்துணை நயமான செயலியும் இரட்டைப் பூட்டிட்ட கதவாகும்.

பரீட்சையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இத்திட்டத்தின் முடிவில் வாசிப்பு, எழுத்து, எண் இவை ஒவ்வொன்றுக்கும் 50 ஆக 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு உண்டு. தேறியோர்க்குச் சான்றிதழும் உண்டு. சான்றிதழை நாம் இகழவில்லை; அதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வீடுகள் உள. ஆயினும் தொண்டராகிய நாம் தேர்வுக்கென்றே கற்பிக்கத் தொடங்கினால் இழப்பது பெரிது. கூலி வங்கிக் கணக்கிற் சேர்கின்ற இந்நாளில், கைப்பேசிக்கு வரும் செய்தியைப் படிக்க இயலாதவள் அதனைப் பிறனிடம் நீட்டவேண்டியிருக்கின்றது. 'வங்கியிலிருந்து பேசுகின்றோம், வந்த எண்ணைச் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பணத்தைக் கவர்வோரும் மலிந்துவிட்டனர். ஓ.டி.பி. என்பது யாது, அதனை ஏன் ஒருவர்க்கும் சொல்லலாகாது என்னும் பாடம் அவளுடைய ஒரு மாதக் கூலியைக் காக்கும். வினாத்தாளில் அது வந்தாலும் வாராவிட்டாலும் முதல் மாதத்திலேயே அதனைக் கற்பித்தல் வேண்டும்.

கற்பவர் தாமே கேட்டவற்றை நம் தோழர் சிலர் குறித்து வைத்திருக்கின்றனர். ஒருவர் பஸ்ஸின் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படிக்க விரும்பினார். கூடலூர் பஸ்ஸில் ஏறவேண்டியவர் கோத்தகிரி பஸ்ஸில் ஏறிய வரலாறு அவர்க்கு உண்டு. ஒருவர் வருங்கால வைப்பு நிதிச் சீட்டில் தம் பெயர் சரியாக இருக்கின்றதா என்று அறிய விரும்பினார். மூன்றாமவர் கேட்டது எந்தப் பாடநூலிலும் செயலியிலும் இல்லாதது. ஞாயிறுதோறும் ஆலயத்திற் பலகையில் எழுதும் பாட்டெண்ணைப் பார்த்து, பக்கத்திலிருப்பவரைக் கேளாமல், ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தாமே விரிக்கவேண்டும் என்றார். அதற்கு மூன்றிலக்க எண் தெரியவேண்டும். நூறுவரை குரற்செய்திகள் பதிந்தாயிற்று. நூற்றுக்கு மேற்பட்டவை இவ்விடுமுறையிற் பதியப்படும். அவரது சபையில் வழங்கும் புத்தகத்தின் பாட்டெண்களைக் கொண்டே அவற்றைப் பதிய எண்ணியிருக்கின்றோம்.